பாய்லர் மாப்பிள்ளையின் கரண்ட்

எங்கள் மாமனாருக்கு மூன்று பெண்கள். மூத்த மாப்பிள்ளை அனல் மின் நிலையத்தில் பாய்லர் ஓட்டுகிறவர். இரண்டாமவர் பேட்டரிக் கடைக்காரர். மூன்றாவது நான், தையல்காரன், அதிலும் வீட்டோடு மாப்பிள்ளை. பாய்லர், பேட்டரி, டெய்லர் என்று மாமனார் எங்களைக் கூப்பிடும் வரிசைதான் அந்த வீட்டில் மரியாதையின் வரிசையும். பாய்லர் வந்தால் நாற்காலி வரும். பேட்டரி வந்தால் ஸ்டூல் வரும். நான் எங்கிருந்தும் வருவதில்லை, அங்கேயே கிடப்பவன், ஆகையால் எனக்கு எதுவும் வராது.

இது பாய்லரின் கதை. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவர்மேல் பொறாமைப்பட்டு வருகிறவன் நான். பாசக்காரன் பாதிதான் பார்ப்பான். பொறாமைக்காரன் ஒன்றையும் விடமாட்டான்.

அவர் மின் நிலையத்துக்குள் நுழைந்தது கையில் ஒரு மண்வெட்டியோடு. பெல்ட்டில் போகும்போது சிந்துகிற நிலக்கரியை அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுகிற வேலை. அந்த வேலைக்கு வந்தவர்கள் குனிந்த தலை நிமிராமல் அள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார்கள். இவர் நிமிர்ந்து பார்த்தார். பெல்ட் எங்கே போகிறது, கரி எப்படி மாவாகிறது, அந்த மாவு எப்படிக் காற்றோடு கலந்து உள்ளே போய் எரிகிறது என்று கேட்டுக் கேட்டு, திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டார். வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய் ஒரு டிப்ளமோ வாங்கினார். மெல்ல பாய்லர் தளத்துக்கு ஏறினார். அங்கிருந்து கண்ட்ரோல் ரூம் மேஜைக்கு. எனக்கு அவரைப் பார்க்கும்போது முதலில் எரிந்தது இதற்காகத்தான். நானும் குனிந்து தைக்க ஆரம்பித்தவன். இன்னும் குனிந்துதான் இருக்கிறேன்.

பாய்லரின் சுவரில் உள்ளே பார்க்க ஒரு சிறு துவாரம் இருக்குமாம். நீலக் கண்ணாடி ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அதன் வழியே நெருப்பின் நிறத்தைப் பார்ப்பார்களாம். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "காத்து பத்தல, தீ மஞ்சளா எரியுது பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். சமைக்கிற பெண்கள் வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே பல்லைக் கடிப்பார்கள்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அவர் வந்ததும் மாமனாரைப் பார்ப்பதற்கு முன்னால் மாடிக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவார். புகை மெல்லிசாகப் போனால் நன்றாகச் சாப்பிடுவார். கறுத்துப் போனால் தட்டைத் தள்ளிவிட்டு யாருக்கோ போன் போடுவார். லீவு நாளில் கூட அந்தப் புகை அவருடைய புகைதான்.

அந்த வீட்டில் கரண்டும் அவருடைய கரண்ட்தான். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் மாமனார் கட்டிலில் இருந்தபடியே, "பாய்லர் மாப்ளே விட்டுட்டாரு!" என்பார். மின்சாரம் போனால் மட்டும் அவர் பெயர் வராது. அப்போது, "லைன்ல ஏதோ கோளாறு போல" என்பார். மாமியார் இருந்தவரை அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வெளிச்சத்துக்குப் பேர் மாப்பிள்ளைக்கு, இருட்டுக்குப் பேர் லைனுக்கு. நான் தைத்துக்கொடுத்த சட்டையில் ஒரு பொத்தான் கழன்றால் தெரு முழுக்க என் பெயர்தான் அடிபடும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவரிடமே கேட்டேன். "ஏண்ணே, உங்க கரண்ட்தான் நேரா இந்த வீட்டுக்கு வருதா?"

அவர் சிரித்தார். "எல்லாம் ஒண்ணாக் கலந்துதான் வரும் டெய்லர். எது யாருதுன்னு எவன் கண்டான்? எங்க யூனிட் நின்னாக்கூட வேற எங்கேயாவது இருந்து தாங்கிக்குவாங்க. உங்க வீட்டு ஃபேன் ஒரு சுத்து கூடக் குறையாது." சொல்லிவிட்டு மாமனார் இருந்த அறைப்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மாமாகிட்ட சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. சொல்லலாம் என்று பலமுறை நாக்கு நுனி வரை வந்தது. பயத்தில்தான் சொல்லவில்லை, நல்ல மனதில் அல்ல.

இனி பேட்டரி. அந்தப் பெயரை வைத்ததே பாய்லர்தான். இரண்டாமவர் பெண் பார்க்க வந்த அன்று, "தம்பி என்ன பண்றாப்ல?" என்று பாய்லர் கேட்டார். "ரேடியோ, டிவி ரிப்பேர், இன்வெர்ட்டர் பேட்டரி" என்றார் இவர். "ஓ, பேட்டரியா" என்றார் பாய்லர். அன்றே ஒட்டிக்கொண்டது. அப்போதெல்லாம் பேட்டரியின் சட்டையில் ஆசிட் பட்டுப் பொத்தல் பொத்தலாக இருக்கும். அவற்றையெல்லாம் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவன் நான். வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால் பாய்லர் கம்பெனி ஜீப்பில் வந்து இறங்குவார். பேட்டரி டிவியின் முதுகுப்பக்கம் குத்தவைத்து எதையோ திருகிக்கொண்டிருப்பார். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, "அட, நீங்க இன்னும் சாப்பிடலையா?" என்று யாராவது கேட்பார்கள். ஜீப் புறப்படும் சத்தம் கேட்டால் அவர் கையில் திருப்புளி ஒரு சுற்று அதிகமாகத் திரும்பும். அதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒரு துணை கிடைத்தது போல இருந்தது.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்? வந்தது. ஊர் கூரைகள் ஒவ்வொன்றாக வெயிலுக்கு முதுகைக் காட்ட ஆரம்பித்தன. பேட்டரி கடைப் பலகையை மாற்றினார். சூரிய பேனல் போடுகிறார், பழுது பார்க்கிறார், கழுவிக் கொடுக்கிறார். ஏணி கட்டிய வேன் ஒன்று வாங்கினார். சட்டையில் பொத்தல் இல்லை. ஒட்டுப்போட என்னிடம் வருவதும் இல்லை. எனக்கிருந்த ஒரே துணையும் போயிற்று. பிறகு எனக்குப் பொறாமைப்பட இரண்டு பேர்.

அங்கே மின் நிலையத்தில் பாய்லரோடு சேர்த்து ஒரு யூனிட்டையே நிறுத்தினார்கள். பழசாகிவிட்டது என்றார்கள். அடுத்ததை நிறுத்தினார்கள். கரி ஏற்றி வரும் ரயில் அடிக்கடி வருவதை விட்டது. சைக்கிள் ஸ்டாண்டில் இடம் பிடிக்கச் சண்டை போட்ட இடத்தில் இப்போது ஆடு படுத்திருந்தது. இளம் பசங்களைப் பேனல் வேலைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாய்லருக்கு ஓய்வு நெருங்கிவிட்டதால் அவரை எதற்கும் கூப்பிடவில்லை. கடைசி யூனிட் அவருடையது. அதை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது கேன்டீனில். மின் நிலையத்தின் சொந்தக் கேன்டீன் கூரையிலேயே சூரிய பேனல் போட முடிவு செய்தார்கள். அந்த வேலையை எடுத்தது யார்? எங்கள் பேட்டரி. ஒரு மத்தியானம் பாய்லர் சாப்பிடப் போனபோது கூரைமேலிருந்து ஒரு குரல், "அண்ணே, சாப்பாட்டுக்கா? பாத்து வாங்க, மேல இருந்து ஸ்க்ரூ ஏதாவது விழும்." அவ்வளவுதான். அன்றிலிருந்து பாய்லர் கேன்டீனில் கால் வைக்கவில்லை. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுபோய் பாய்லர் தளத்தின் அனலில் உட்கார்ந்து சாப்பிட்டார். வேர்த்து வழிய வழியச் சாப்பிட்டாராம். பேட்டரி குளிர்ச்சியாக வைத்த இடத்தில் உட்காருவதைவிட அது மேல் என்று அவருக்கு.

"எங்க தலைமேலேயே ஏறி உக்காந்துட்டான் டெய்லர்" என்று என்னிடம் சொன்னார். கண்கள் சிவந்திருந்தன. கரித் தூளாகவும் இருக்கலாம்.

அவருக்கு மேகத்தைப் பிடிக்க ஆரம்பித்தது. மப்பும் மந்தாரமுமாக இருக்கும் நாட்களில் உற்சாகமாக வந்து இறங்குவார். "என்ன பேட்டரி, இன்னைக்கு உங்க முதலாளி லீவா?" என்பார். பேனல்மேல் காக்கை எச்சமிட்டால் அந்தக் காக்கைக்குச் சோறு வைக்காத குறைதான். ஒருமுறை பேட்டரியின் வீட்டு மாடியில் பேனலை விரலால் தடவி, விரலைப் பேட்டரிக்கு நேராக நீட்டினார். நுனியில் சாம்பல். "என்னுது" என்றார்.

"தெரியும்ணே" என்றார் பேட்டரி. "உங்களைக் கழுவுறதுதான் எனக்குப் பாதிப் பொழப்பு."

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? இரண்டையும் பார்த்துக்கொண்டு நான் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் மாமனாருக்கு மூச்சுத் திணறல் முற்றியது. மூக்கில் குழாய் வைத்து, காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்றைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். மின்சாரத்தில் ஓடுகிற மெஷின், கரண்ட் நின்றால் கீச்சென்று கத்தும். அவசரத்துக்கு ஒரு சிலிண்டரும் மூலையில் நின்றது. மாமனார் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். "மில்லுல தின்ன பஞ்சு" என்றார் பாய்லர். "இந்தப் பக்கம் அடிக்கிற சாம்பல்" என்றார் பேட்டரி. கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இருவரும் ஏறின குரலில் பேச, நடுவில் படுத்திருந்தவர் மெதுவாகச் சொன்னார். "ரெண்டும்தான் உள்ள இருக்கு. அதனாலதான் இருமினா மெத்துன்னு இருக்கு. சண்டை போடாதீங்க, மாப்ளே."

மெஷின் நிற்கக்கூடாது என்று பேட்டரி எங்கள் மாடியிலும் பேனல் போட்டார். பேட்டரிப் பெட்டியும் வைத்தார். என் தையல் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் கைப்பிடி வைத்த பெரிய சுவிட்ச் ஒன்றை மாட்டினார். மேலே தள்ளினால் லைன் கரண்ட். கீழே இழுத்தால் பேனல் கரண்ட். நடுவில் நின்றால் எதுவும் இல்லை. "கீழேயே இருக்கட்டும், தொடாதீங்க" என்று எனக்கு மட்டும் குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். திருடன் என்று எழுதி ஒட்டாததுதான் பாக்கி.

அடுத்த முறை பாய்லர் வந்தார். வழக்கம்போல மாடிக்குப் போகவில்லை. நேராகச் சுவிட்சின் முன்னால் நின்றார். "இது என்ன?" என்றார். சொன்னேன். "அப்ப இப்ப மாமா இழுக்கிற மூச்சு அவன் கரண்ட்ல?" என்றார். நான் ஊசியில் நூல் கோத்தேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் கைப்பிடியை மேலே தள்ளினார். நடுவைத் தாண்டுகிற ஒரு கணம் வீடு முழுக்கச் செத்து, மாமனாரின் மெஷின் கீச்சென்று கத்தியது. பிறகு எல்லாம் பழையபடி ஓடின. பாய்லர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, தானே விசிறிக்கொண்டு இருப்பது போல ஒரு திருப்தியோடு ஃபேனைப் பார்த்தார்.

பேட்டரி வந்தார். கைப்பிடி மேலே இருந்தது. "டெய்லர், யாரு இதை மேல தள்ளினது?"

"காத்துல போயிருக்கும்ணே."

"காத்துக்கு எப்பய்யா கை முளைச்சுது?" கீழே இழுத்தார். கீச்.

பிறகு இது வழக்கமாகிவிட்டது. ஒருவர் வந்தால் மேலே, மற்றவர் வந்தால் கீழே. இருவரும் என்னைத்தான் முறைத்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இருவரில் ஒருவராவது இன்னொருவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார்கள். கேட்டால் பொறாமை என்று ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் அல்லவா?

மாமனாருக்குத் தெரியாது என்றுதான் மூவரும் நினைத்தோம். ஒருநாள் அவருக்கு மாத்திரை கொடுக்கப் போனபோது, "இன்னைக்கு பேட்டரி மாப்ளே வந்துட்டுப் போனாரா?" என்றார். பேட்டரி வந்துபோனது அவர் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

"எப்படி மாமா தெரியும்?"

"இவன்தான் கத்துவானே" என்று மெஷினைக் காட்டினார். "ஒரு தடவை கத்தினா ஒரு மாப்ளே. என் மூச்சுக்கு ரெண்டு பேரு போட்டி போடறாங்க. இந்த வயசுல எவனுக்குக் கிடைக்கும் இது?" அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எனக்குத் தாங்கவில்லை. அவரைக் குளிப்பாட்டி விடுவதும் மாத்திரை கொடுப்பதும் நான். கைப்பிடியில் கை வைப்பவர்கள் அவர்கள். பெயர் யாருக்கு?

கடைசி யூனிட்டை நிறுத்தத் தேதி குறித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குச் சில நாள் முன்பு பாய்லர் ஒரு யூனிஃபார்ம் சட்டையோடு என்னிடம் வந்தார். "கொஞ்சம் பிடிச்சுக் குடு. தொளதொளன்னு இருக்கு. அன்னைக்கு போட்டோ எடுப்பாங்களாம்."

அளவு நாடாவை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டேன். மனிதர் இளைத்திருந்தார். நாடாவைத் தளர்த்தி ஒன்றிரண்டு எண்ணைக் கூட்டிச் சொன்னேன், அவர் கவனிக்கவில்லை.

"எத்தனை மணிக்குண்ணே நிறுத்துறாங்க?"

"மத்தியானம்." கையைத் தூக்கி நின்றபடியே சொன்னார். "ஏன் தெரியுமா? வெயில் உச்சியில இருக்கிற நேரமாம். அப்ப நிறுத்தினா யாருக்கும் ஒண்ணும் தெரியாதாம். வெயில் கரண்டே தாங்கிக்குமாம். நான் போய்க் கேட்டேன் டெய்லர், சாயங்காலம் வைங்க, வெளக்கு போடற நேரத்துல வைங்கன்னு. மேனேஜர் சிரிக்கிறாரு. என்னத்துக்குன்னு கேக்குறாரு."

"என்னத்துக்குண்ணே?" என்று நானும் கேட்டேன்.

கையைக் கீழே போட்டார். "இத்தனை வருஷம் நெருப்பு அணையாம பாத்தவன் அணைக்கப் போறான். ஒருத்தனுக்காவது தெரிய வேணாமா? ஒரு வீட்லயாவது, அய்யோ கரண்ட் போச்சேன்னு ஒரு குரல் வர வேணாமா? செத்துப் போறவனுக்குக்கூட நாலு பேரு அழுறாங்க." பிறகு சுவிட்சைப் பார்த்தார். கைப்பிடி கீழே இருந்தது. அன்று அவர் அதைத் தொடவில்லை. "ஒரு உதவி பண்ணு. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் இது மேலேயே இருக்கட்டும். நான் நிறுத்துற வரைக்கும் மாமா நம்ம கரண்ட்ல மூச்சு விடட்டும். அவன்கிட்ட நீ சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

பாய்லர் கெஞ்சி நான் கேட்பது அதுதான் முதல் தடவை. எத்தனை வருடமாக இந்த நாளுக்குக் காத்திருந்தேன்! சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "சரிண்ணே" என்றேன்.

பேட்டரியிடம் சொன்னபோது அவர் உதட்டைப் பிதுக்கினார். "ஏன், மூத்தவருக்கு என்கிட்ட பேசினா வாய் வெந்துடுமா?" என்றார். முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அந்த நாள் வந்தது. காலையிலேயே நான் கைப்பிடியை மேலே தள்ளி வைத்துவிட்டேன். கீச்சென்றதும் மாமனார் உள்ளேயிருந்து, "யாரு மாப்ளே?" என்றார். "நான்தான் மாமா, டெய்லர்" என்றேன்.  என் கையால் அந்த மெஷின் கத்தியது அன்றுதான் முதல் தடவை.

பளீரென்று வெயில். மேகம் மருந்துக்குக்கூட இல்லை. உச்சி நேரம் நெருங்கும்போது வாசலில் ஏணி வேன் வந்து நின்றது.  பேட்டரி உள்ளே வந்தார், கைப்பிடி மேலே இருப்பதைப் பார்த்தார், ஸ்டூலை இழுத்துச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே போட்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்துகொண்டார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கீழே இழுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் இடத்தில் நானாக இருந்தால் அதற்குத்தான் வந்திருப்பேன். டிவியின் முதுகுக்குப் பின்னால் ஆறின சோறு சாப்பிட்ட நாட்களை அவ்வளவு சுலபமாக ஒருவன் மறந்துவிடுவானா?

மாமனார் தன்னைத் தூக்கி உட்கார வைக்கச் சொன்னார். என் மனைவி தலையணையைச் சாய்த்துக் கொடுத்தாள். கதவைத் திறந்தே வைத்தோம். கட்டிலிலிருந்து எங்களைப் பார்க்க முடிந்தது.

போன் அடித்தது. கண்ட்ரோல் ரூம் நம்பர். எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"டெய்லர்." பாய்லரின் பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம், யாரோ போட்டோவுக்கு நகரச் சொல்லும் சத்தம். "லோடு எல்லாம் குறைச்சாச்சு. இதோ, கடைசி பட்டன். என்னையே அமுக்கச் சொல்லியிருக்காங்க. மாமா முழிச்சிருக்காரா?"

"முழிச்சிருக்காருண்ணே. கேட்டுக்கிட்டு இருக்காரு."

"சரி." மூச்சை இழுப்பது கேட்டது. "அமுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் கைதட்டல். இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. தலைக்குமேல் ஃபேன் ஓடியது. மெஷின் தன் பாட்டுக்குப் புஸ்ஸென்று மூச்சு விட்டது. அவரே ஒருநாள் சொன்ன மாதிரி, ஒரு சுற்றுக்கூடக் குறையவில்லை.

"டெய்லர்?" என்றார். கைதட்டல் அடங்கியிருந்தது. "அங்க... ஏதாவது..."

அவருக்குத் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர். இருந்தும் கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. "இல்லண்ணே, ஃபேன்..." என்று ஆரம்பித்தேன்.

பேட்டரி எழுந்தார். மாமனாரைப் பார்த்தார். மாமனார் மூக்கிலிருந்த குழாயைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ம், என்று தலையை அசைத்தார். பேட்டரி கைப்பிடியைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஃபேன் தளர்ந்து நின்றது. மெஷின் கீச்சென்று கத்தியது, நிற்காமல் கத்தியது. பேட்டரி குனிந்து என் கையிலிருந்த போனுக்கு வாயைக் கொண்டுவந்தார்.

"போச்சுண்ணே" என்றார். "மொத்தமாப் போச்சு. வீடே நின்னு போச்சு."

உள்ளேயிருந்து மாமனார் தன்னால் முடிந்த மட்டும் குரலெடுத்தார். "அய்யோ, கரண்ட் போச்சே! பாய்லர் மாப்ளே கரண்ட் போச்சே!" சொல்லிவிட்டு இரும ஆரம்பித்தார். என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

 மெஷின் கத்துவது அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அந்தக் கீச்சு எப்போது வரும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? எத்தனை தடவை தன் கையாலேயே கத்தவிட்டிருக்கிறார்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று வந்தது.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் பாய்லர். "மாமாவுக்கு மூச்சு வாங்குதுய்யா. நின்னு வேடிக்கை பாக்காத. கைப்பிடியைக் கீழ இழு, பேட்டரி."

பேட்டரி கீழே இழுத்தார். மெஷின் கத்துவதை நிறுத்தியது. மாமனாரின் மூக்கில் குழாயை வைத்துவிட்டு நான் என் தையல் மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தேன். ஃபேன் வேகம் எடுத்து ஓடியது. பேட்டரி போனைப் பிடித்துக்கொண்டு, "சாப்டீங்களாண்ணே? கேன்டீன்ல போய் உக்காருங்க, அங்க ஃபேன் ஓடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் பாய்லர் திட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேர்மேலும் எனக்கு அப்படி வந்தது பொறாமை. நான் மெஷினை நிறுத்தும் நாளில் எனக்காக யார் எதை அணைப்பார்கள்?